கரை முடியாத ஏரி

எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம், ஆவணி மாதத்தில் நல்ல நாள் என்று மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். முகூர்த்தம் ஐப்பசியில். நடுவில் வருகிற புரட்டாசியில் யார் வீட்டுக்கும் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே முக்கியமானவர்களை ஆவணி முடிவதற்குள் அழைத்துவிட வேண்டும். என் அப்பா, நாங்கள் ஐயன் என்று கூப்பிடுவோம், எருமப்பட்டியில் ஒரு ஜோசியரிடம் போய் அந்த நாளைக் குறித்துக்கொண்டு வந்தார். பெண் வீட்டார் ஓமலூர்ப் பக்கம். அவர்கள் தங்கள் ஜோசியரிடம் போனார்கள். ஜோசியர் இரண்டு பேரானாலும் பஞ்சாங்கம் ஒன்றுதானே. அவர்களுக்கும் அதே நாள்தான் கிடைத்தது. இரண்டு வீட்டாரும் ஒரே நாளில் கிளம்புவோம் என்பது எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற எனக்குக்கூடத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

இரண்டு தரப்பாரும் அழைக்க வேண்டியிருந்தது ஏற்காட்டு மலைமேல் இருந்த ஒரே வீட்டை. என் பெரியப்பா மகன் அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அந்த அண்ணன் கட்டியிருந்தது எனக்கு நிச்சயமான பெண்ணின் அக்காவை. அவள் எனக்கு நங்கை; எங்கள் பக்கத்தில் அண்ணன் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம். நங்கைக்குப் பச்சைக் குழந்தை. மலையை விட்டு இறங்கி வர முடியாது. தங்கச்சியைக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை கண்ணில் காட்டித்தான் ஆக வேண்டும் என்று அவள் தாயாருக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

என் கவலையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களில் நிச்சயம் என்பது உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சந்தைக்குப் போய், உப்பும் நாட்டுச் சர்க்கரையும் வாங்கி, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றுவார்கள். அதற்குமேல் பேச்சில்லை. மாற்றியபின் முகூர்த்தம் வரைக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. எங்கள் உப்புச் சர்க்கரையும் அப்படித்தான் மாறியது. சந்தையில் நானும் இல்லை, அவளும் இல்லை. ஒரு வாரம் கழித்து எங்கள் ஊருக்கு வந்த வளையல்காரர், "ஓமலூர்ப் பக்கம் உங்க பொண்ணு ஊட்டுக்குப் போயிருந்தனுங்க. பொண்ணு கெணத்து மேட்டுல ஒக்காந்து தேம்பித் தேம்பி அழுதுட்டு இருந்துச்சு. வளையலே வேண்டான்னு சொல்லிப்போடுச்சு" என்றார். சொன்னவர் எங்கள் வீட்டு மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அவளுக்குப் பத்தொன்பது வயது. எட்டாவது வரை படித்தவள். நான் ஐந்தாவதோடு நின்றவன். பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்த ஓடையில் மழைக்காலத்தில் வெள்ளம் வந்துவிடுமே என்று கோடையிலேயே பயந்து நின்றுவிட்டேன் என்று ஐயன் எல்லாரிடமும் சொல்வார். அது உண்மையில்லை. தோட்டத்தில் தண்ணீர் இறைக்க ஆள் வேண்டியிருந்தது. ஆனால் ஓடையைப் பற்றிய பயமும் இருந்தது என்பதை மறைப்பானேன். எட்டாவது படித்த பெண், ஐந்தாவதோடு நின்றவனை நினைத்து அழுகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. அவளை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை. நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எப்படியாவது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது. இஷ்டமில்லை என்றால், எனக்குத்தான் பெண் பிடிக்கவில்லை என்று நானே ஐயனிடம் சொல்லி நிறுத்திவிடுவது. ஐயன் தோலை உரிப்பார். உரிக்கட்டும். அவள் பேரில் பழி வராது.

இதில் என் கஷ்டம் என்னவென்றால், எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அண்ணன் கல்யாணத்துப் பந்தியில் என் தலைப்பாகை அவிழ்ந்து ரசவாளிக்குள் விழுந்தபோது, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தவள் அவள்தான். அந்தச் சிரிப்பு எனக்குக் காதிலேயே இருந்தது.

முந்தின நாளே சேலம் வந்து ஒரு உறவினர் வீட்டில் தங்கி, காலையில் ஐயனும் நானும் ஏற்காட்டு பஸ்ஸில் ஏறினோம். என் மூட்டையில் எலுமிச்சம்பழம் நான்கு, சுக்கு, கம்பளி, குடை, ஒரு பெரிய உப்புப் பொட்டலம். மலையில் அட்டை கடிக்கும், உப்பைப் போட்டால்தான் விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஐயன் மூட்டையைத் தூக்கிப் பார்த்து, "ஒரு நாளைக்குப் போறமா, குடிபோறமாடா?" என்றார்.

பஸ் கிளம்பப் போகிற நேரம். ஐயன் என் பிடரியைப் பிடித்து அமுக்கினார்.

"குனிடா!"

மேலே என்னவோ விழப் போகிறது என்று நினைத்துக் குனிந்தேன்.

"பொண்ணு ஊட்டுக்காரங்க ஏர்றாங்க."

அண்ணனின் குரல் கேட்டது. "அடடே, சித்தப்பா! நீங்களும் இன்னைக்குத்தானுங்களா?" என்றான், ஒன்றும் அறியாதவன் மாதிரி. இன்ன நாள் வருகிறோம் என்று எழுதிய எங்கள் கடிதமும் அவன் கையில்தான் இருந்தது, அவர்கள் கடிதமும் அவன் கையில்தான் இருந்தது. இரண்டையும் படித்துவிட்டு, பெண்ணையும் அவள் தாயாரையும் கூட்டிப்போக அவனே மலையிறங்கி வந்திருக்கிறான். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

"அய்யோ சாமி! மாப்பிள்ளையுமா இருக்கறாரு?" என்றது எனக்கு வரப்போகும் மாமியாரின் குரல். "அண்ணா, அடுத்த பஸ்ஸுல வாரோமுங்க."

"அடுத்த பஸ்ஸுக்குள்ள ராகுகாலம் வந்துரும் அம்மிணி. நீங்க பின்னால ஒக்காருங்க. இவனை நான் பாத்துக்கறேன்" என்றார் ஐயன்.

என்னை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார். "மலை ஏறி முடியற வரைக்கும் கழுத்துத் திரும்பக் கூடாது, தெரியுதா?"

"பஸ் வளைஞ்சு வளைஞ்சுதானுங்கய்யா போகும்."

"பஸ் திரும்பலாம். நீ திரும்பக் கூடாது."

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வளைவுகள் ஆரம்பித்தன. சேலம் ஒரு தடவை இந்தப் பக்கம் தெரிந்தது, ஒரு தடவை அந்தப் பக்கம் தெரிந்தது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சின்னதாகித் தெரிந்தது. பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்து வேட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேட்டியைப் பிடித்து என்ன பயன் என்று அப்போது தோன்றவில்லை. டிரைவர் என்னை இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, "ஏனுங்க, கழுத்துல சுளுக்குங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

பாதி மலையில், ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து எஞ்சினுக்கு ஊற்ற பஸ் நின்றது. ஐயன் ஊற்றைப் பார்க்க இறங்கிவிட்டார். பின்னால் மாமியார் ஓங்கரிக்கிற சத்தம். அப்புறம் ஒரு இளங்குரல், என் இருக்கைக்குப் பின்னாலேயே வந்து, யாரையும் குறிப்பிடாமல், "ஆருகிட்டயாச்சும் எலுமிச்சம்பழம் இருக்குதுங்களா?" என்று கேட்டது.

ஒரு பழத்தை எடுத்து, திரும்பாமலே, தோளுக்குப் பின்னால் கையை நீட்டினேன். பழத்தை எடுத்த விரல்கள் சில்லென்று இருந்தன. கண்ணாடி வளையல் சத்தம். உடனே, அதே சிரிப்பு. அமுக்கிப் பார்த்து, அமுங்காமல் வெளியே வந்துவிட்ட சிரிப்பு. அழுகிறவள் இப்படிச் சிரிப்பாளா என்று ஒரு மனம் சொன்னது. சிரிப்பது என் கழுத்தைப் பார்த்து, அதற்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லை என்று இன்னொரு மனம் சொன்னது. மிச்ச வளைவுகள் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது.

மலை வீட்டில் ஆண்கள் முன்னறையில், பெண்கள் சமையற்கட்டில் என்று பிரித்து உட்கார வைத்துச் சாப்பாடு போட்டாள் நங்கை. வெற்றிலை பாக்கு வைத்து இரண்டு தரப்பும் முறைப்படி அழைத்து முடித்தாயிற்று. கீழே போகிற பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. நங்கை கதவோரம் வந்து நின்றாள்.

"மாமா, இத்தனை தூரம் வந்துட்டு ஏரியைப் பாக்காம போலாமுங்களா? ஒரு நடை நடந்துட்டு வந்தா சாப்பிட்டது செமிக்கும். கொழந்தையைப் பக்கத்து ஊட்டுல உட்டுட்டு நானும் வாரேன்."

ஏரி என்ற சொல்லைக் கேட்டதும் ஐயன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் ஊர் ஏரிக்கு எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை சொல்வது ஐயன்தான். எந்த மதகை எத்தனை நேரம் திறப்பது என்று அவர் சொன்னால் ஊரில் எதிர்ப்பேச்சு கிடையாது. ஆனாலும் தயங்கினார். "இதுங்க ரெண்டும் ஒரே கரையில நடக்கறதாவது?"

அண்ணன் மோட்டுவளையைப் பார்த்தான். ஐயனே வழி கண்டுபிடித்தார். "ஒண்ணு பண்ணலாம். கரைக்குப் போனதும் ஆம்பளைங்க நாங்க சோத்தாங்கைப் பக்கம் போறோம். பொம்பளைங்க பீச்சாங்கைப் பக்கம் போங்க. போகப்போக ரெண்டுக்கும் தூரம் எச்சாயிட்டே போகும். கரை முடிஞ்சதும் திரும்பிக்க வேண்டியது."

"கணக்கு நெம்பச் சரிங்க சித்தப்பா" என்றான் அண்ணன். அவனுக்கு அப்போது ஏனோ இருமல் வந்தது.

ஐயனைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் சமவெளியில் ஏரி என்றால் ஒரு பக்கம் மட்டும்தான் கரை. மறுபக்கம் தண்ணீர் மெல்ல மெல்லச் சேறாகி, சேறு புல்லாகி, புல் கருவேலங்காடாகி, எங்கே முடிகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. கரையின் ஒரு கோடிக்கு ஒருவனும் மறு கோடிக்கு ஒருவனும் போனால் அவர்கள் சந்திக்கவே மாட்டார்கள். ஏரியைச் சுற்றி நடக்கலாம் என்பதே எங்கள் ஊரில் யாரும் கேள்விப்படாத விஷயம். எனக்கும் அது தெரியாது. கவலைப்படுவதற்கே கொஞ்சம் விவரம் வேண்டும் போலிருக்கிறது.

கரைக்குப் போனபோது மூடுபனி இறங்கியிருந்தது. தண்ணீர் பத்து முழத்துக்குத் தெரிந்தது. அதற்கப்பால் வெள்ளைத் துணி காயப்போட்டது மாதிரி இருந்தது. நான் மூட்டையும் குடையுமாக, தரையைப் பார்த்தபடி நின்றேன். பெண்கள் எனக்குப் பின்னால் இடது பக்கம் போனார்கள். நாங்கள் வலது பக்கம் நடந்தோம். அவளிடம் கேட்கிற வாய்ப்பு அடிக்கு அடி தூரமாகிக்கொண்டு போகிறதே என்று நடையைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன்.

ஆனால் அந்தக் காற்று ஒரு மாதிரியான காற்று. கீழே எங்கள் ஊரில் ஆவணி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். இங்கே மூச்சை இழுத்தால் பல் கூசியது. காப்பிச் செடி மறைவிலிருந்து பச்சை வாசனை. மரங்களில் மிளகுக்கொடி ஏறிக் கிடந்தது. மண் பாதை மெத்தென்று இருந்ததால் நடப்பதே தெரியவில்லை. எனக்குச் சிரிக்க வேண்டும் போல் இருந்தது, காரணமில்லாமல் சிரித்தால் அது ஏதாவது நோயோ என்றும் இருந்தது. அண்ணன் எட்டி எட்டிப் பேரிக்காய் பறித்து எனக்கொன்று, தனக்கொன்று என்று கடித்துக்கொண்டே வந்தான்.

ஐயனுக்குப் பேரிக்காயில் நாட்டமில்லை. அவர் மதகைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, இத்தனை தூரம் வந்தாச்சு. மதகு எங்க?"

"மதகு இல்லீங்க சித்தப்பா."

"மதகில்லாம ஏரியா? தண்ணி எந்த வயலுக்குப் பாயுது?"

"வயலே இல்லீங்களே."

ஐயன் நின்றுவிட்டார். "அப்புறம் இது எதுக்கு இருக்குது?"

"பாக்கறதுக்குங்க."

"பாக்கறதுக்கு ஒரு ஏரியா?" ஐயன் தண்ணீரை ஏதோ களவு நடந்த இடத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இருநூறு ஏக்கரா நனையும்டா இந்தத் தண்ணியில. கேக்க ஆளில்லியா?" அதற்குப் பிறகு அவர் புதர் புதராக விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கேயோ ஒளித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது அவர் எண்ணம்.

கொஞ்ச தூரம் போனதும் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. தண்ணீர் என் இடக்கைப் பக்கமே வந்துகொண்டிருந்தது. நாங்கள் நேராகப் போவதாக நினைத்தேன். ஆனால் முதலில் முகத்தில் அடித்த காற்று இப்போது காதில் அடித்தது, அப்புறம் பிடரியில் அடித்தது. அண்ணனின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணா, இந்தக் கரை எங்க போயி முடியும்?"

"முடியாது" என்றான், வாய் நிறையப் பேரிக்காயோடு.

"முடியாதுன்னா?"

அவன் ஒரு விரலால் காற்றில் வட்டம் போட்டான். போட்டுவிட்டு, வட்டத்தின் இரண்டு நுனியும் சேர்ந்த இடத்தில் ஒரு குத்துக் குத்திக் காட்டினான். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு அவனுக்குச் சிரிப்பு.

எனக்கு உச்சந்தலை வரை ஜிவ்வென்று ஏறியது. முன்னால், பத்தடியில், ஐயன் குனிந்து ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். என் ஆயுசில் எந்தக் கவலையும் மனசில் வந்த மறு நிமிஷம் வாயில் வந்துவிடும். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒன்றை விழுங்கினேன். "நட" என்றேன் அண்ணனிடம். கேட்க வேண்டியதைப் பேரிக்காயோடு சேர்த்து மென்று பார்த்தேன். உங்களுக்கு இஷ்டந்தானுங்களா. இஷ்டமா இல்லையா. இஷ்டமில்லாமல் இருந்தால் சொல்லுங்க. எப்படிச் சொன்னாலும் அசட்டுத்தனமாகவே இருந்தது. அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் இந்தக் காற்று, இந்தப் பனி, எல்லாவற்றையும் திரும்ப நடந்து கடக்க வேண்டுமே என்று கால் ஒரு பக்கம் பின்னே இழுத்தது. ஒரு பக்கம் ஓடியது.

திடீரென்று பனிக்குள்ளிருந்து ஒரு அலறல்.

"அட்டை! அட்டை! காலுல ரெண்டு!"

நாங்கள் ஓடினோம். வளைவில் மாமியார் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு நங்கையின் தோளைப் பிடித்திருந்தார். பக்கத்தில் ஒரு அரக்குச் சேலை. அவ்வளவுதான் பார்த்தேன். ஐயன் என் இரண்டு தோளையும் பிடித்து, பம்பரத்தைத் திருப்புவது போல் ஒரு மரத்தைப் பார்க்கத் திருப்பினார்.

"மரத்தைப் பாரு! அம்மிணி, நீங்க எப்படி இங்க வந்தீங்க?"

"நாங்க நேராத்தானுங்கண்ணா வந்தோம்! நீங்க எங்களுக்குப் பின்னால வந்தீங்களா?"

"நாங்க எதுக்காலயில்ல வாரோம்!" ஐயன் வந்த வழியைப் பார்த்தார், அவர்கள் வந்த வழியைப் பார்த்தார். "என்றா இது, ஏரி வட்டமா இருக்குது?"

"உப்பு ஆருகிட்டயாச்சும் இருக்குதா? ரத்தத்தைக் குடிக்குதே!" என்றார் மாமியார்.

"என்றகிட்ட இருக்குதுங்க" என்றேன் மரத்திடம்.

அண்ணன் அப்போது செய்த காரியத்துக்கு அவனுக்குக் கோயில் கட்டலாம். "சித்தப்பா! அதோ, அந்தப் புதருக்கு அக்கட்டால, கல்லுக் கட்டு ஒண்ணு தெரியுதுங்களே! மதகாட்ட இருக்குதுங்க!" என்றான்.

"எங்கடா?" ஐயன் போயே போய்விட்டார். பின்னாலேயே அண்ணனும்.

நங்கை தாயாரைத் தண்ணீரோரம் ஒரு பாறையில் உட்கார வைத்தாள். "நீ போயி உப்பை வாங்கிட்டு வா புள்ளே" என்று தங்கச்சிக்குச் சொன்னாள். அடுத்தபடி வளையல் சத்தம் என் மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"உப்பு" என்றது குரல்.

எனக்கு மூட்டை முடிச்சு அவிழவில்லை. "ஒண்ணு கேக்கோணுங்க" என்றேன்.

"மரத்துகிட்டயா கேக்கறீங்க?"

"ஐயன் திரும்பக் கூடாதுன்னு சொல்லியிருக்கறாருங்க." அதன்பின் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. "உங்களுக்கு இதுல இஷ்டந்தானுங்களா? இல்லீன்னா சொல்லீருங்க. எனக்குத்தான் புடிக்கலைன்னு நானே ஐயன்கிட்டச் சொல்லி நிறுத்தீர்றேன். உங்க மேல ஒரு பேச்சு வராது."

பட்டையில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அது என் மூக்குக்கு நேராக வந்து, நின்று, மேலே போயிற்று.

"உங்களுக்கு இஷ்டமில்லீங்களா?" என்றாள்.

"அய்யய்யோ! அப்படி இல்லீங்க."

"பொறவு?"

"நீங்க கெணத்து மேட்டுல அழுதீங்களாமா. வளையக்காரரு சொன்னாரு."

"அந்த மனுசன் ஊர் ஊருக்குச் சொல்லிட்டுத் திரியறாரா? அன்னைக்கு எங்க எருமைக் கன்னு செத்துப் போச்சுங்க. பொறந்ததுலருந்து நாந்தான் பாலூட்டி வளத்துனேன்."

"எருமைக் கன்னுக்கா?"

"ஏனுங்க, எருமைக் கன்னுக்கு அழுகக் கூடாதா? உங்களை நெனச்சு அழுதேன்னா நெனச்சீங்க?" குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. பின் சட்டென்று தணிந்தது. "நாந்தானுங்க பயந்துட்டு இருந்தேன். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நீங்கதான் எழவு ஊட்டுக்கு வந்தவராட்ட மொகத்தை வெச்சுட்டு, மேல மேல பாத்துட்டு ஒக்காந்திருந்தீங்க. அத்தனைக்கும் என்னை ஒரு தடவை பாக்கலை."

"அது..." என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். "உங்க ஊட்டுல ஒரு ஓடு நழுவித் தொங்கிட்டு இருந்துச்சுங்க. நேரா உங்க அம்மா தலைக்கு மேல. விழுந்துருமோ விழுந்துருமோன்னு அதையே..."

அவ்வளவுதான். அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்தாள். பந்தியில் சிரித்த சிரிப்பு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மரத்தின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தாள். பட்டை வழியாக அது எனக்கும் அதிர்ந்தது. "அது மூணு வருசமா அப்படித்தானுங்க தொங்குது!" என்று நடுநடுவே சொன்னாள். நானும் மரத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன். யாராவது தூரத்தில் இருந்து பார்த்திருந்தால், ஒரு மரத்துக்கு இரண்டு பக்கமும் நின்று இரண்டு பைத்தியங்கள் சிரிப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

"உப்பு வருதா, இல்ல நான் செத்தபொறவு வருதா?" என்று மாமியார் கத்தினார்.

"வருதும்மா!"

முடிச்சு ஒருவழியாக அவிழ்ந்தது. உப்புப் பொட்டலத்தை மரத்தைச் சுற்றி நீட்டினேன். எடுத்துக்கொண்டாள். ஆனால் வளையல் சத்தம் நகரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்ப்பது மாதிரி துணி சரசரத்தது.

"உப்பு வாங்கிக்கிட்டுச் சும்மா போனா மொறையில்லீங்களே" என்றாள். "கையை நீட்டுங்க."

நீட்டினேன். உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லம் விழுந்தது. மலை ஏறும்போது வாயில் போட்டுக்கொள்ள வைத்திருந்தது போலிருக்கிறது. ஓரத்தில் பல் பதிந்திருந்தது.

"சந்தையில பெரியவங்கதான மாத்திக்கிட்டாங்க. நாம மாத்தலியே. இப்ப மாத்தியாச்சு."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

எனக்குத் தரை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐயன் திரும்பி வந்தார். கல்லுக் கட்டு என்பது துணி துவைக்கிற கல்லாம். மதகில்லை. அந்த ஏமாற்றத்தில் எங்களை விரட்டினார். "ம், அவங்கவங்க வந்த வழியே திரும்பி நடங்க. இனிமேல் எதுக்க எதுக்க வரக் கூடாது." என்னைப் பார்த்தார். "வாயில என்னடா?"

"பேரிக்காயுங்கய்யா."

வந்த வழியே நடந்தோம். ஐயன் விரசாக நடந்தார், பெண்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று. வந்த வழியே போனால் இரண்டு கூட்டமும் கிளம்பின இடத்துக்கே வந்து சேரும் என்று அண்ணனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கரைமுனைக்கு வந்தோம். பனி விலகியிருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து அரக்குச் சேலை அதே நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது.

ஐயன் என் கையிலிருந்த குடையைப் பிடுங்கி விரித்து எங்கள் நடுவே தட்டி மாதிரி பிடித்தார். மழையில்லை, வெயிலில்லை, ஏரிக்கரையில் ஒரு பெரியவர் பக்கவாட்டில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். முதலில் நங்கை சிரித்தாள். அப்புறம் அட்டைக் கடியைத் தடவிக்கொண்டே மாமியார். "எப்படிப் போனாலும் பாத்துத்தான் ஆகோணுமுங்க சித்தப்பா" என்றான் அண்ணன். ஐயன் குடையைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் விறைப்பாக நின்றார். அப்புறம் அவர் தோள் குலுங்கியது. "மதகுமில்லை, கரைக்கு முடிவுமில்லை. இந்த ஏரியை நம்பி ஒரு காரியத்துல எறங்க முடியாது" என்றார். குடையை மட்டும் மடக்கவில்லை.

கீழே இறங்குகிற பஸ்ஸில் என்னை மறுபடியும் டிரைவர் பக்கத்திலேயே உட்கார வைத்தார். அதே டிரைவர். "சுளுக்கு இன்னும் போகலீங்களா?" என்றார். ஐயன் எனக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த யாரோ ஒருவருக்கு, பார்ப்பதற்கென்று ஏரி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் பிரேக்கைப் பற்றி நினைக்கவில்லை. மூன்று வளைவு போனபிறகுதான், நினைக்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது. உடனே, இப்படி ஒன்றும் நினைக்காமல் இருப்பது நல்லதா என்று ஒரு சின்னக் கவலை தலை நீட்டியது. அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆருகிட்டயாச்சும் எலுமிச்சம்பழம் இருக்குதுங்களா?"

"ஏம்புள்ளே, எனக்கு இப்ப ஓங்கரிப்பே இல்லியே" என்றார் மாமியார்.

மூட்டையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தேன். ஐயன் ஏரிக் கதையை நிறுத்திவிட்டு என் கழுத்தையே பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இந்தத் தடவை நான் திரும்பித்தான் கொடுத்தேன்.